ஒரு நாள் கூலியும் ஒரு பல்லும்

பல்வலியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். நாட்டில் எழுதுவதற்கு எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன் என்பது அவருடைய கேள்வி. அவர் நகரவாசி. மாதச் சம்பளக்காரர். கடைவாய்ப்பல் நோவெடுத்தால் மாலையில் தனியார் பல் வைத்தியரிடம் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு இரவு நிம்மதியாக உறங்குகிறவர். அவருடைய சிரிப்பின்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். என் பெரியம்மாவின் வாயை நான் கண்கொண்டு பார்க்கத் தவறிய அந்த ஒரு நாள் வரையில்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் சூரியனைக் கொண்டே பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில் நகரமும், பெரிய பாடசாலைகளும், கச்சேரியும், ஆஸ்பத்திரிகளும், பிரதான வீதியும் அமைந்தன. விரிந்து பரந்த வயலும், குளமும், மாட்டுப் பட்டியும் படுவான்கரையின் பங்காயின. நெல் அங்கிருந்து இங்கே வரும். நோயாளியும் அங்கிருந்தே இங்கே வரவேண்டும். ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமுள்ள இந்த நீர்ப்பரப்பை வாவி என்று ஏட்டில் எழுதுகிறோமே தவிர, எங்கள் ஊரார் அதை ஆறு என்றே சொல்வர். "ஆற்றைக் கடந்து போகவேண்டும்" என்றால் அது சாதாரணப் பேச்சல்ல. ஒரு நாள் போயிற்று என்பது அதன் பொருள்.

நான் பிறந்தது கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள ஒரு வயற்கிராமத்தில். தகப்பனை இழந்த என்னையும் என் தங்கையையும் தம் மகனோடு சேர்த்து மூன்று பிள்ளைகளாக வளர்த்தவர் பெரியம்மா. போடியார் ஒருவரின் வயலில் களை பிடுங்கியும், வெள்ளாமை வெட்டுக் காலத்தில் உப்பட்டி கட்டியும், எஞ்சிய நாட்களில் பன் பிரித்துப் பாய் இழைத்தும் எங்களுக்குச் சோறு போட்டார். வெற்றிலைதான் அவருடைய ஒரே சுகம். பசியை அடக்கவும் அதுதான். வெயிலைத் தாங்கவும் அதுதான். விடியற்காலையில் பாக்குவெட்டியின் ஓசை கேட்டே நாங்கள் கண்விழிப்போம். கன்னத்தின் ஒரு பக்கத்தில் அடக்கிய புகையிலைத் துண்டை நித்திரையிலும் அவர் துப்பியதாக எனக்கு நினைவில்லை.

இலங்கையில் வைத்தியம் இலவசம். இதை நான் பெருமையோடுதான் எழுதுகிறேன். 1931ஆம் ஆண்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தபின், கிராமத்தான் தன் பிரதிநிதியிடம் முதலில் கேட்டவற்றுள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருந்தன. 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களை வாரிக்கொண்டு போனபோது, பட்டினியும் நோயும் ஒரே வீட்டில் குடியிருப்பவை என்பதை நாடு கண்டது. அன்று சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தையும் பருப்பையும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாக நடந்தார்கள். கலாநிதி என். எம். பெரேராவைப் 'பருப்பு மாத்தயா' என்று சிங்களக் கிராமத்து மக்கள் அழைத்தது அக்காலத்தில்தான். 1950களின் தொடக்கத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் என்பதே ஒழிந்தது. இவ்வளவையும் நமக்கு யாரும் தானமாகத் தரவில்லை. மக்கள் கேட்டுப் பெற்றார்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1948இல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று தொடங்கிய அந்நாட்டு அரசு, 1951இல் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு கேட்கத் தொடங்கியது. அத்திட்டத்தைப் படைத்த அனூரின் பெவன் என்ற அமைச்சர், சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர், அதைப் பொறுக்காமல் பதவியைத் துறந்தார். ஒரு பல்லுக்காக ஓர் அமைச்சர் பதவி விலகினார் என்று என் நகரத்து நண்பருக்கு நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. பல் என்றால் கைச்சுருக்கம் வருவது பல நாடுகளிலும் உள்ள வழக்கந்தான். இருதயமும் ஈரலும் உடம்பைச் சேர்ந்தவை. பல் மட்டும் ஏதோ அலங்காரப் பொருள் என்று கணக்கெழுதும் உத்தியோகத்தர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வசதி படைத்த கனடாவே தனியார் காப்புறுதி இல்லாத எளியோரின் பல் வைத்தியத்துக்கான பொதுத் திட்டத்தை 2024ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உலகில் 350 கோடி மக்கள் வாய்நோயால் வருந்துகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது.

நம் நாட்டில் பல் பிடுங்கவும், அடைக்கவும் அரசாங்க வைத்தியசாலையில் காசு கேட்பதில்லை. இதற்கும் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கத் தனியாகத் தாதிமாரைப் பயிற்றலாம் என்று முதலில் எண்ணிச் செய்துகாட்டியது நியூசிலாந்து. அது 1921ஆம் ஆண்டில். அந்நாட்டின் உதவியோடு, கொழும்புத் திட்டத்தின்கீழ், 1954ஆம் ஆண்டளவில் மகரகமையில் ஒரு பயிற்சிப் பாடசாலை அமைந்தது. அங்கே பயின்று வெளிவந்த பெண்கள் ஊர் ஊராகப் பாடசாலைகளில் சிறு சிகிச்சை நிலையங்களை நடத்தலானார்கள். பெரிய டொக்டருக்குக் காத்திராமல், பிள்ளை படிக்கும் இடத்துக்கே வைத்தியம் போகவேண்டும் என்பது அதன் அடிப்படை.

அதன் பயனை நான் இன்றும் என் வாயில் சுமந்துகொண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக்குப்பின் என்னை எழுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் சேர்த்தார்கள். உறவினர் வீட்டில் தங்கிப் படித்தேன். 1974ஆம் ஆண்டென்று நினைவு. வெள்ளைச் சீருடை அணிந்த பல் தாதி ஒருவர் வகுப்பு வகுப்பாக எங்களை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். என் கீழ்க் கடைவாய்ப்பல்லில் சிறு குழி கண்டார். காலால் மிதிக்கும் இயந்திரத்தால் குடைந்து வெள்ளிநிறப் பொருளொன்றை வைத்து அடைத்தார். நான் அலறியது அடுத்த வகுப்பறைக்குக் கேட்டது. அந்தப் பல் அரை நூற்றாண்டாகச் சோறு மென்றுகொண்டிருக்கிறது. படுவான்கரைப் பள்ளியிலேயே தங்கிவிட்ட என் அண்ணனுக்கு, அதாவது பெரியம்மாவின் மகனுக்கு, அதே வயதில் அதே பல்லில் குழி விழுந்தது. கராம்பை நசுக்கி வைத்தார்கள். வேப்பெண்ணெய் தடவினார்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டபின் தோணியேறிக் கொண்டுபோய்ப் பிடுங்கிவிட்டு வந்தார்கள். ஒரே உலைச்சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். எங்கள் பற்களுக்கிடையே ஓர் ஆறு ஓடியது.

அதற்குச் சற்று முன்பு இன்னொரு சங்கதி நிகழ்ந்தது. 1971ஆம் ஆண்டில், அரசாங்கத்துக்கு வந்த பணமுடையால், வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் வாங்குவதென்று தீர்மானித்தார்கள். இருபத்தைந்து சதம் என்ன பெரிய காசு என்று பேசியவர்களும் இருந்தார்கள். எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. பெரியம்மா ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். மற்ற இருவரையும் வீட்டில் விட்டார். கலவை மருந்துக்குப் போத்தல் நாமே கொண்டுபோக வேண்டிய காலம் அது. கொண்டுவந்த ஒரு போத்தல் மருந்தை மூன்றாகப் பங்கிட்டு, மேலே கொதித்தாறிய நீரை ஊற்றி எங்களுக்குப் பருக்கினார். முக்காற்பங்கு தண்ணீரைக் குடித்துவிட்டு நாங்கள் இருமிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டணம் வந்தபின் நாடெங்கும் ஆஸ்பத்திரிக்கு வருவோர் தொகை குறைந்துவிட்டது. 1977இல் அதை நீக்கிவிட்டார்கள். வராமல் நின்றவர்கள் நோயில்லாமல் நின்றவர்கள் என்று எந்தப் புத்திசாலி சொல்லத் துணிவான்? சிறு கட்டணம் வீண்கூட்டத்தைத் தடுக்கும் என்று இன்றும் சில பொருளியலறிஞர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் போத்தல்தான் என் கண்முன் நிற்கிறது.

கட்டணம் போயிற்று. ஆனால் வழிச்செலவு போகவில்லை. எங்கள் பக்கத்து ஏழைக்கு வைத்தியத்தின் விலை ஆஸ்பத்திரி வாசலில் இல்லை; அந்த வாசலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. வஸ் கட்டணம், ஆற்றைக் கடக்கும் கட்டணம், பகலுணவு, துணைக்கு வருபவரின் செலவு, இவற்றோடு அன்றைய கூலி. வைத்தியர் துண்டு எழுதி வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து இருந்தால் அதுவும் கூடும். இலவச வைத்தியம் நடக்கும் இந்நாட்டிலேயே மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை அண்மித்த பங்கை மக்கள் தம் மடியிலிருந்து கொடுக்கிறார்கள். அதிற் பெரும்பகுதி மருந்துக்கும், இரத்தப் பரிசோதனைக்கும், தனியார் வைத்தியரைக் காண்பதற்கும் போகிறது. 2022ஆம் ஆண்டு நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க வகையற்று நின்றபோது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது 'வெளியில் வாங்குங்கள்' என்ற சொல்லை எத்தனை கிழவிகள் கேட்டார்கள், கேட்டுவிட்டு எத்தனை பேர் வாங்காமலே வீடு திரும்பினார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இனி நான் சொல்லவேண்டியது என் குற்றம்.

2004ஆம் ஆண்டு மாரி வெள்ளாமை வெட்டுக் காலம். நான் எழுவான்கரையில் ஆசிரியனாக இருந்தேன். விடுமுறை நாளில் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தவர், "மனே, இந்தக் கன்னத்துக்குள்ள தோல் உரிஞ்ச மாதிரிக் கிடக்கு. கறி காரமாயிருந்தா எரியிது" என்றார். திண்ணை வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். புகையிலை அடக்கும் அதே இடத்தில் பால் படிந்ததுபோல ஒரு வெண்படை. சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று எண்ணினேன். எண்ணியது மட்டுமல்ல, அப்படியே சொல்லியும் விட்டேன். படித்த பிள்ளையின் வாய்ச்சொல் அவருக்கு வேதவாக்கு. "நோவு இருக்கா?" என்று கேட்டேன். "நோவு ஒண்டுமில்ல" என்றார். "அப்ப வெட்டு முடியட்டும், பிறகு பாப்பம்" என்றேன். அவரும் அதைத்தான் விரும்பினார். "நோகாததுக்கு என்னத்துக்கு மனே ஆஸ்பத்திரி? ஒரு நாள் கூலி போயிருமே" என்று சொல்லிச் சிரித்தார்.

நோகாததுதான் அந்த நோயின் சூழ்ச்சி. வாய்ப் புற்று தொடங்கும்போது வலிப்பதில்லை. வெண்படையாகவோ, சிவந்த படையாகவோ, ஆறாத சிறு புண்ணாகவோ வரும். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாமற் கிடக்கும் எந்தப் புண்ணையும் வைத்தியரிடம் காட்டவேண்டும். இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடத்தில் நிற்பது இந்த வாய்ப் புற்று. புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக ஆராய்ச்சியாளர் 1985ஆம் ஆண்டிலேயே முடிவு கூறினர். பின்னர், புகையிலை சேராவிடினும் பாக்கு மட்டுமே போதும் என்றும் கண்டனர். இவையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆசிரியனுக்குத் தெரியாது, வாய்ப்பாடு தெரிந்தவனுக்கு வாயைப் பற்றித் தெரியாது.

வெட்டு முடிந்தது. பிறகு களத்து வேலை. பிறகு கோவிற் சடங்கு. ஒருமுறை அவராகவே கரைக்கு அண்மையிலிருந்த ஒரு சிறு வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். நீண்ட வரிசை. அங்கிருந்தவர் வாயைத் திறந்து பார்க்க நேரமின்றி விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார். அவரை நான் பழிக்கவில்லை. வாயைத் திறக்காமலே 'சுண்ணாம்பு' என்று சொன்னவனைவிட அவர் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். அந்த ஆண்டு மார்கழியில் கடல் பொங்கியது. எழுவான்கரை பிணக்காடாயிற்று. ஆஸ்பத்திரிகளில் நிற்க இடமில்லை. "ஊரே செத்துக் கிடக்கக்குள்ள என்ட வாய்ப்புண்ணைக் கொண்டுபோய்க் காட்டுறதா?" என்று பெரியம்மா மறுத்துவிட்டார். புண் அதற்குள் வாய்விட்டிருந்தது.

2005 சித்திரையில் நான் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனேன். மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை. ஒரு கரை ஓர் அதிகாரத்தின்கீழும் மறுகரை இன்னோர் அதிகாரத்தின்கீழும் இருந்த காலம். இருபுறமும் நின்று, பையைத் திறந்து காட்டி, பெயர் சொல்லி, பாதை எனப்படும் அந்த மிதவையில் ஏறி நடு ஆற்றுக்கு வந்தபோது அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து வந்த நாற்றத்தைப் பக்கத்தில் நின்றவர்கள் உணர்ந்துவிடக் கூடாதே என்ற கூச்சம். நகரில் பல் வைத்தியர் ஒருவர் கண்ணாடிச் சட்டத்தை வாய்க்குள் வைத்துப் பார்த்தார். உடனே எதுவும் பேசவில்லை. ஒரு துண்டு சதை எடுத்து அனுப்பினார். கடிதமும் எழுதித் தந்தார். "மகரகமைக்குப் போகவேணும், அம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

பல் தாதிமாரைப் பயிற்றிய அந்த மகரகமையேதான். நாட்டின் பெரிய புற்றுநோய் வைத்தியசாலையும் அதே ஊரில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு வஸ்ஸில் அவருடைய தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு போனேன். அங்கே கதிர்ச் சிகிச்சைக்கு எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. தாதிமாரில் ஒருத்தி தமிழ் தெரியாதபோதும் 'அம்மா' என்ற சொல்லை மட்டுமே பல தொனிகளில் சொல்லிப் பெரியம்மாவைத் தேற்றினாள். அதை நான் மறக்க முடியாது. ஆனால் துணைக்கு நின்றவர்கள் தங்கவும் உண்ணவும் செலவான பணத்துக்கு அண்ணன் தன் மாடுகள் இரண்டையும் விற்றான். என் சம்பளத்தின்மேல் கடன் எடுத்தேன். நாங்கள் இருவர் இருந்தோம். ஒரு சம்பளம் இருந்தது. அதுவும் அற்றவர்கள் அந்த விறாந்தையில் சிகிச்சையை இடையில் நிறுத்திக்கொண்டு ஊர் திரும்பியதைக் கண்டேன். 2006 தையில் பெரியம்மா இறந்தார். கடைசிக் கிழமைகளில் வாய் திறக்கவில்லை. கஞ்சியைத் துணியில் நனைத்துப் பிழிந்தோம்.

பின்னர்தான் நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1984ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வந்த ஓர் ஆராய்ச்சி, நம் நாட்டிலேயே நடத்தப்பட்டது, என்னை உறங்கவிடாமற் செய்தது. பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடன் பணியாற்றியோரும் செய்தது அது. கிராமத்தில் வீடு வீடாகச் செல்லும் சாதாரண ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, வாய்க்குள் பார்த்து வெண்படையையும் புண்ணையும் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்தார்கள். முடிந்தது. ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோரின் வாயைப் பார்த்து, சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்துத் துண்டு கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் அப்படி அனுப்பப்பட்டவர்களுள் பாதிப்பேர் அளவில் மேற்பரிசோதனைக்கு வரவேயில்லை. கண்டுபிடிக்கும் கண்ணுக்குக் குறைவில்லை. கண்டுபிடித்தபின் அழைத்துப் போகக் காசும் காலும் இல்லை. அந்தப் பாதிப்பேரின் முகங்களை நான் அறிவேன் என்று தோன்றியது.

அரசாங்க உதவி என்று இன்று நம்மிடையே இருப்பவற்றை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. சனசக்தி வந்தது, சமுர்த்தி வந்தது, 2023முதல் அஸ்வெசும வந்தது. முதியவருக்கும், மாற்றுத்திறனாளிக்கும், சிறுநீரக நோயாளிக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. பெருஞ்செலவான சத்திரசிகிச்சைக்கு சனாதிபதி நிதியத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பு அதற்குக் கொழும்பை நோக்கி நடக்கவேண்டியிருந்தது, 2025முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம் என்றாயிற்று. நல்லது. ஆனால் இந்த உதவிகள் யாரைத் தேடி வருகின்றன என்று பாருங்கள். நோய் முற்றி, பத்திரங்கள் குவிந்து, வைத்தியர் கையொப்பமிட்டபின் வருகின்றன. கன்னத்தில் வெண்படை தோன்றிய நாளில், "நாளைக்குக் கூலிக்குப் போகவேண்டாம், அந்தக் கூலியை நாங்கள் தருகிறோம், வஸ்ஸுக்கும் தருகிறோம், போய்க் காட்டிவிட்டு வா" என்று சொல்லும் உதவி எந்தப் படிவத்திலும் இல்லை. என் பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு நாள் கூலிதான். பின்னால் இரண்டு மாடுகளும் ஒரு கடனும், அரசாங்கத்துக்கு எத்தனையோ மடங்கான செலவும் ஆயின.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது கணக்காகவே புரியவேண்டிய விஷயம். கருணைகூடத் தேவையில்லை.

வேறொன்றும் சொல்லவேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் என்னும் மருத்துவிச்சி எங்கள் ஊர் ஒழுங்கையெல்லாம் தெரிந்தவர். எந்த வீட்டில் எந்தப் பெண் எத்தனை மாதம் என்பது அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். கர்ப்பிணிகளைப் பல் பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாடும் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதனால் எங்கள் ஊர் இளம் தாய்மார் சிலரேனும் வாழ்க்கையில் முதல்முறையாகப் பல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பாடசாலைப் பல் தாதி, பிள்ளைத்தாய்ச்சிக்கு மருத்துவிச்சி. இடையில் விடுபட்டவர்கள் யார்? பதின்மூன்று வயதைத் தாண்டியவன், பிள்ளை பெறும் வயதைக் கடந்தவள், கூலிக்காரன், மீன்பிடிகாரன், கணவனை யுத்தத்திற் பறிகொடுத்துத் தனியே குடும்பம் நடத்துகிறவள். உழைக்கும் வயதில் உள்ளவர்களின் வாயைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

பல்லிழந்தவர்களின் நிலையும் அதுவே. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்; ஐம்பது வயதுகூட ஆகவில்லை. முன்வாய்ப் பற்கள் நான்கு போய்விட்டன. பிடுங்கியது இலவசம்; கட்டுவதற்கு வெளியே கேட்ட தொகை அவருக்கு ஒரு மாத உழைப்பு. சங்கக் கூட்டங்களில் நன்றாகப் பேசியவர், இப்போது கையால் வாயை மறைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்காருகிறார். மகளின் கலியாணப் படத்திலும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். பொய்ப்பல் அலங்காரம் என்று சொல்பவர், பல்லில்லாத ஒருவர் ஒரு கவளம் சோற்றை விழுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.

2014ஆம் ஆண்டில் மண்முனையில் பாலம் திறந்தார்கள். யப்பான் நாட்டு உதவியோடு கட்டியது. முதல் தடவை அதன்மேல் நடந்து போனபோது, நடுப்பகுதியில் நின்று கீழே நீரைப் பார்த்தேன். மிதவை கிடந்த துறை தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டேன். பாலம் வந்தது பெரிய நன்மை. இரவில் வயிற்றுநோவெடுத்த பெண்ணுக்கும், பாம்பு கடித்த வயற்காரனுக்கும் அது உயிர் கொடுத்திருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வந்துசேரும் அம்புலன்ஸ் வண்டியும் அதன்மேல்தான் ஓடுகிறது. ஆனால் அம்புலன்ஸை வெண்படைக்கு அழைக்க முடியாது. கூலிநாளின் விலை பாலத்தால் குறைந்துவிடவுமில்லை.

ஓய்வுபெற்றபின் நான் ஊருக்கே திரும்பிவிட்டேன். இப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருப்பதாக ஊரார் பேசிக்கொள்கிறார்கள். எவரைக் கண்டாலும் வாயைத் திறக்கச் சொல்கிறேன். சுகமான வாய் என்றால், தன் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைக்கலாம். பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உட்தசை இறுகிப் போனவர்களுக்கு இரண்டு விரல்தான் நுழையும், பிறகு ஒன்று. கடைகளில் சரஞ்சரமாகத் தொங்கும் பாக்குப் பைக்கற்றுகளைக் கிழித்து வாயிற் போட்டுக்கொண்டு உழவுமிசின் ஓட்டும் பையன்களிடம் இதைச் செய்து காட்டச் சொல்கிறேன். விளையாட்டாகத்தான் தொடங்குகிறார்கள். மதவில் கூட்டமாக உட்கார்ந்து ஒருவன் வாயில் ஒருவன் விரல் எண்ணுவார்கள்.

சென்ற மாதம் அப்படி எண்ணியபோது ஒருவனுடைய சிரிப்பு நின்றது. அண்ணனின் பேரன், பத்தொன்பது வயது. அவனுக்கு இரண்டு விரலே நுழைந்தது. பெரியம்மாவின் அதே கன்னம், அதே பக்கம். கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது.

"நோகுதா?" என்று கேட்டேன். பழக்கதோஷம், கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நோவில்ல அப்பப்பா. இந்தக் கிழமை முழுக்க மிசின் வேலை கிடக்கு. முடியட்டும், பாப்பம்" என்றான்.

அவனுடைய முதலாளியிடம் நானே போனேன். செவ்வாய்க்கிழமை அவன் வரமாட்டான் என்று சொன்னேன். அன்றைய கூலியை என் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துப் பையனின் தாயிடம் திங்கட்கிழமை மாலையே கொடுத்துவிட்டேன். ஊரில் இன்னும் பதினொரு பேர் இரண்டு விரல்காரர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கொடுக்க என் ஓய்வூதியம் போதாது. அதைப் பற்றிப் பிரதேச செயலகத்துக்கு ஒரு மகஜர் எழுதி, பன்னிரண்டு பேரின் கையொப்பத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி வஸ்ஸில் நாங்கள் இருவரும் ஏறினோம். மகஜர் என் சட்டைப்பையில் இருந்தது. பாலத்தில் ஏறும்போது, பையன் பையிலிருந்து ஒரு பாக்குப் பைக்கற்றை எடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, கிழிக்காமல் மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டான்.